நமக்குச் செரிக்காத உணவும் நம் மூளையும்

நார்ச்சத்தைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் அநேகமாக இல்லை. பயறு, முழுதானியம், காய்கறித் தோல் ஆகியவற்றின் நார் சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்கு அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அதை நொதிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குட்டிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இவற்றில் பியூட்டிரேட்டின் முதல் வேலை குடலிலேயே நடக்கிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கை அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் இறுக்கமாகப் பிணைந்திருக்கும் வரை குடலுக்குள் இருக்க வேண்டியவை குடலுக்குள்ளேயே இருக்கும். வயதாக ஆக அந்தப் பிணைப்பு தளரலாம். பாக்டீரியாவின் மேலுறைத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் சும்மா இருக்குமா? காய்ச்சல் அடிக்கும் அளவுக்கு எதுவும் நடக்காது. நீறு பூத்த நெருப்பாக ஒரு மெல்லிய அழற்சி வருடக்கணக்கில் நீடிக்கும்.

அந்த அழற்சியின் சூடு மூளைக்குள் மைக்ரோக்ளியா செல்களை எட்டுகிறது. மூளையின் காவலும் துப்புரவும் இவற்றின் பொறுப்பு. இறந்த செல்களையும் புரதக் கழிவையும் விழுங்கும் இவை, ஓயாமல் தூண்டப்பட்டால் நல்ல நரம்பு இணைப்புகளிலும் கைவைக்கத் தொடங்கும். 2015-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளின் மைக்ரோக்ளியா முதிர்ச்சியடையாமல் இருந்தது. குடிநீரில் அந்தக் குட்டிக் கொழுப்பு அமிலங்களைக் கலந்து கொடுத்ததும் நிலைமை பெருமளவு சீரானது. 2021-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் இளம் எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கிழட்டு எலிகளுக்கு மாற்றினார்கள். முதுமையால் வந்த கற்றல் குறைபாடுகளில் சில தணிந்தன.

சரி, இவை எலிகள். குடல் வழியாக மூளையைச் சீராக்குவதாகச் சொல்லி மாத்திரை விற்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருளில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது என்பதும் அவர்களுக்குப் பிடித்த வரி. உண்மைதான். ஆனால் அந்தச் செரடோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டிப் போகாது.

மனிதர்களில் கிடைத்த தடயங்களில் என்னை யோசிக்கவைப்பது பார்க்கின்சன் நோய். கைநடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பலருக்கு மலச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. நோய் சிலருக்குக் குடலில் ஆரம்பித்து, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறலாம் என்று 2003-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் ஹைகோ பிராக் முன்வைத்த கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவைதான்.

அப்புறம் அன்றாடப் பழக்கங்கள். இங்கே ஆதாரம் மனிதர்களிடமிருந்தே வருகிறது. 2011-இல் வெளியான ஆய்வொன்றில் 120 முதியவர்களில் ஒரு பாதியினர் ஓராண்டு வேக நடை நடந்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கு 2 சதவீதம் பெருத்தது. தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்த மற்றவர்களுக்கு அது சுருங்கியது. 2015-இல் முடிவு வெளியான பின்லாந்துச் சோதனையில் 1,260 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு என எல்லாவற்றையும் சேர்த்து இரண்டாண்டு கொடுத்தார்கள். வெறும் ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்கள் அறிதிறன் தேர்வுகளில் கூடுதலாக முன்னேறினார்கள். உணவு முறையை மட்டும் மாற்றி மூன்றாண்டு நடத்திய வேறொரு சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. அதில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. எனவே தட்டில் இருப்பதை மட்டும் நம்பி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நாரைக் கூட்டுவதென்றால் வாரக்கணக்கில், தண்ணீரோடு சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் அள்ளிப் போட்டால் அந்தப் பாக்டீரியாக்கள் செய்யும் வாயுவில் வயிறு உப்பி, மறுநாளே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள்.