சில்லு எந்தப் பக்கமாக வருகிறது?

ஆந்திராவின் குப்பம் ஊர்ச் சுற்றுவட்டாரக் கிரானைட் பட்டறைகளில் உளியடிக்கும்போது கல் மட்டும் தெறிப்பதில்லை, உளியின் இரும்பும் தெறிக்கிறது. கண்ணைத் துளைத்து உள்ளே போவது பெரும்பாலும் அந்த இரும்புதான். எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது எடை, வேகத்தோடு அது எந்தப் பக்கம் காட்டி வருகிறது என்பதையும் பொறுத்தது.

10 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் உள்ள எஃகுச் சில்லின் எடை சுமார் 0.4 கிராம். தட்டையாக மோதினால் அடி 50 சதுர மி.மீ. பரப்பில் பரவும். நுனி முன்னால் வந்தால் 5 சதுர மி.மீ.தான். ஆற்றல் மாறவில்லை, அழுந்தும் இடம் பத்தில் ஒன்றாகிவிட்டது.

சில்லு நேராக வராது, புரண்டுகொண்டே வரும். குழிவில்லாத ஒரு பொருள் எல்லாத் திசையிலும் சமமாகப் புரண்டால், அது காட்டும் சராசரி முகம் மொத்த மேற்பரப்பில் கால் பங்கு. இது கணித மேதை கோஷியின் தேற்றம். நம் சில்லுக்கு 32.5 சதுர மி.மீ. அதே இரும்பை உருண்டையாக்கினால் எப்படித் திரும்பினாலும் 16.4தான். ஆக, சராசரியில் உருண்டைதான் ஆழமாக இறங்கும்! ஆனால் கண்ணுக்குச் சராசரியால் என்ன பயன்? நுனி ஒருமுறை நேராக வந்தால் போதும்.

காற்றும் தட்டைச் சில்லைச் சீக்கிரம் தடுத்துவிடும். அதனால் அது அருகில் இருப்பவருக்கு ஆபத்து. கட்டியான துண்டு தூரத்தில் இருப்பவருக்கும் ஆபத்து.

கண் பாதுகாப்புக்கான ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தின்படி ‘எஃப்’ குறியுள்ள கண்ணாடி, 6 மி.மீ. எஃகு உருண்டையால் நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் சோதிக்கப்பட்டது. உருண்டைக்கு நுனி கிடையாது என்பதை மறக்கக் கூடாது. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடினால் தட்டின் விளிம்பு வேகமே நொடிக்கு 57 மீட்டரைத் தாண்டும். அதற்கு 120 மீட்டர் தாங்கும் ‘பி’ குறியுள்ள, முகத்தோடு ஒட்டும் காகிள்ஸ்தான் சரி.

அடி வாங்கி விரிந்து பிளந்த உளித்தலைதான் இந்தச் சில்லுகளின் பிறப்பிடம். பிசிறு தெரிந்தவுடன் தேய்த்து, ஓரத்தைச் சாய்வாக்க வேண்டும். சுத்தியால் சுத்தியை அடிக்கவே கூடாது.

நுனியாக நுழைந்த சில்லு போட்ட கீறல் மெல்லியது. தானே மூடிக்கொள்ளும், வலியும் குறைவாக இருக்கலாம். கண்ணைக் கசக்காமல், “இரும்பில் அடித்தேன்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுப்பார்கள். எம்.ஆர்.ஐ. கூடாது; காந்தம் சில்லைக் கண்ணுக்குள்ளேயே நகர்த்திவிடும்.