மாலை ஐந்து மணிப் பசி

உடம்பைக் குறைக்க நினைக்கும் பலர் பகல் முழுக்க நன்றாகவே சமாளித்துவிடுவார்கள். பிரச்சினை மாலை ஐந்து மணிக்குத்தான். வேலை முடிந்து கொழும்பு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் காலி வீதி நெடுக கண்ணாடிப் பெட்டிகளில் ரோல்ஸ், பற்றிஸ், உளுந்து வடை, கொஞ்சம் தள்ளிப் போனால் கொத்து அடிக்கும் சத்தம். அங்கே கை நீண்டுவிட்டால் ‘எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை’ என்று தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். அது நியாயமே இல்லை.

இரைப்பையிலிருந்து பசியைத் தூண்டும் கிரெலின் என்றொரு ஹோர்மோன் சுரக்கிறது. 1999இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். வயிறு காலியானால் அது கூடும், சாப்பிட்டால் குறையும். ஆனால் வயிற்றை மட்டுமல்ல, நேரத்தையும் அது கணக்கில் எடுக்கிறது. தினமும் ஐந்து மணிக்குத் தேத்தண்ணியோடு ஏதாவது கடித்துப் பழகியவருக்கு, மத்தியானம் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் அந்த நேரம் நெருங்கும்போதே பசி எட்டிப் பார்க்கும். நல்ல செய்தி என்னவென்றால், சாப்பிடாமல் விட்டாலும் கிரெலின் ஏறிக்கொண்டே போவதில்லை, கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் மெல்ல மெல்லப் புது நேரத்துக்கும் பழகிக்கொள்ளும்.

இது பசி. ஆசை வேறு. சோறும் பருப்பும் கிடைத்தாலே போதும் என்றிருந்தால் பசி. கொத்துதான் வேண்டும், அதுவும் சீஸ் போட்டதுதான் வேண்டும் என்றால் ஆசை. முன்பு சாப்பிட்டு ருசி கண்ட ஒன்றின் வாசமோ காட்சியோ கிடைத்த உடனேயே மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற இரசாயனம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது, வயிறு நிறைந்திருந்தாலும்கூட. அதனால் கடை வாசலில் நின்று மனதோடு மல்லுக்கட்டுவதைவிட, காலி வீதியை விட்டு, கடலோர மரைன் டிரைவ் பக்கமாக நடந்து வீட்டுக்குப் போவது சுலபம்.

இனி கஷ்டமான பகுதி. உடம்பிலுள்ள கொழுப்புக் கலங்கள் லெப்டின் என்ற ஹோர்மோனைச் சுரந்து, ‘இருப்பு போதுமானது’ என்று மூளைக்கு அறிவிக்கின்றன. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டும். அவுஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் கிரெலின் கூடித்தான் இருந்தது, லெப்டின் குறைந்துதான் இருந்தது, பசியும் பழையபடி அடங்கவில்லை. குறைத்த எடையைத் தக்கவைக்கப் பாடுபடும் ஒருவரிடம் ‘வாயைக் கட்டினால் சரி’ என்று சொல்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் செய்யக்கூடியது, அதே கலோரிக்குள் வயிற்றை அதிகமாக நிரப்புவதுதான். இரைப்பை விரியும்போது அதன் சுவரிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும். அவை பார்ப்பது அளவை, கலோரியை அல்ல. 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில், ஒவ்வொன்றிலும் 240 கலோரி, கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில் வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்தால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323. எல்லாவற்றிலும் அதுதான் முதலிடம்! அதே கிழங்கைத்தான் நாங்கள் மசித்து, மீனோடு பிரட்டி, மாவில் சுற்றி, தூள் தடவி, எண்ணெயில் பொரித்து ரோல்ஸ் ஆக்குகிறோம். ஒரு கிராம் மாச்சத்தில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் எண்ணெயில் 9. சின்ன ரோல்ஸ் ஒன்றில் கலோரி நிறைய, வயிற்றில் அது பிடிக்கும் இடமோ கொஞ்சம்.

புரதமும் நார்ச்சத்தும் பசியை நீண்ட நேரம் தள்ளிப்போடும். நான்கு மணிக்கே ஒரு கோப்பை அவித்த கடலையோ கௌபியோ சாப்பிட்டுவிட்டால் ஐந்து மணிக்கு காலி வீதி அவ்வளவு தொந்தரவு தராது. மத்தியானச் சோற்றைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, மீன், வல்லாரைச் சம்பல் என்று கூட்டிக்கொள்ளலாம். நித்திரையும் முக்கியம்: சரியாகத் தூங்காத இரவுக்கு அடுத்த நாள் பசி கூடும், அதுவும் இனிப்பிலும் மாப்பண்டத்திலும்தான் மனம் போகும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் மட்டும் டொக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவோ ஒரு வேளையைத் தவிர்க்கவோ கூடாது. அவர்களுக்கு ஐந்து மணிக்குக் கை நடுங்கி வியர்த்து வரும் பசி, இரத்தத்தில் சீனி இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும்.