சும்மானாச்சுக்கும் ஒரு பிஸ்கட்

அக்கா மகளுக்கு மூன்றரை வயது. விளையாட்டுக் களிமண்ணை உருட்டித் தட்டி, ஒரு டப்பா மூடியில் வைத்து என்னிடம் நீட்டினாள். "மாமா, பிஸ்கட். சாப்பிடு."

வாங்கிக்கொண்டேன். என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்ற குறும்பில் அதை நிஜமாகவே பல்லுக்கு நடுவில் கொண்டுபோனேன். அவ்வளவுதான். பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள். "ஐயோ மாமா! அது களிமண்! சும்மானாச்சுக்கும் சாப்பிடணும்!" அப்புறம் எனக்குப் பாடம் எடுத்தாள். களிமண்ணை வாய்க்கு நாலு விரல் தள்ளியே பிடித்துக்கொண்டு, தாடையை மட்டும் வேகமாக ஆட்டி, "நம் நம் நம்" என்று சத்தம் போட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இப்படி."

பிஸ்கட் என்று சொன்னதும் அவள், களிமண் என்று அலறியதும் அவள். இரண்டுக்கும் நடுவில் பத்து விநாடிகூட இல்லை. சின்னக் குழந்தைக்கு நிஜம் எது, கற்பனை எது என்று தெரியாது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அன்று தெரியாமல் முழித்தது நான்தான். அவளிடம் இரண்டு கணக்கும் தனித்தனியாக, துளிகூடக் கலக்காமல் இருந்தன. 'சும்மானாச்சுக்கும்' என்ற அந்த ஒரு சொல் உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. பொய் என்றால் ஏமாற்றும் எண்ணம் வேண்டும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இது எவ்வளவு விசித்திரமான திறமை என்பதை 1987-இல் ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் ஒரு வாழைப்பழத்தை வைத்து விளக்கினார். ஒன்றரை, இரண்டு வயதில் குழந்தை அப்போதுதான் உலகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. எதை உரிக்கலாம், எதில் பேசலாம் என்று ஒவ்வொன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளும் வயது. அந்த நேரம் பார்த்து அம்மா ஒரு வாழைப்பழத்தைக் காதில் வைத்து "ஹலோ" என்கிறார். கண்டதை அப்படியே பதிந்துகொள்ளும் மனம் என்றால், 'வாழைப்பழத்தில் பேசலாம்' என்ற தகவலும் ஏறிவிட வேண்டுமே? ஆனால் எந்தக் குழந்தையும் மறுநாள் பழக்கூடையில் மணி அடிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பதில்லை.

லெஸ்லி சொன்ன விடையைப் புரிந்துகொள்ள மேற்கோள்குறியை நினைத்துக்கொள்ளலாம். "பூமி தட்டையானது" என்று அவர் சொன்னார் என்று நான் எழுதினால், பூமி தட்டை என்று நான் சொன்னதாக ஆகாது. குறிக்குள் இருக்கும் வாக்கியத்துக்கு நான் பொறுப்பில்லை. குழந்தையின் மனமும் விளையாட்டில் வரும் 'இது போன்' என்ற எண்ணத்தை இப்படி ஒரு குறிக்குள் அடைத்து, நிஜ உலகத் தகவல்களிலிருந்து கழற்றி வைத்துவிடுகிறது என்பது அவர் கருத்து. குறிக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். வெளியே பழம் பழமாகவே இருக்கும்.

இதைச் சோதித்துப் பார்க்க அவர் செய்தது எனக்கு மிகப் பிடித்த சோதனைகளில் ஒன்று. தேவைப்பட்டது இரண்டு காலிக் கோப்பைகளும் ஒரு காலிப் பாட்டிலும்தான். இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் பாட்டிலைச் சாய்த்து இரண்டு கோப்பைகளையும் 'நிரப்பினார்கள்'. பிறகு ஆய்வாளர் ஒரு கோப்பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து, உதறி, பழையபடி வைத்தார். "எது காலி? எது நிறைஞ்சிருக்கு?"

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத மேசை அது. கண்ணால் பார்த்தால் இரண்டுமே காலி. ஆனாலும் கவிழ்த்த கோப்பையைத்தான் காலி என்று குழந்தைகள் காட்டினார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் இதன் அழகு தெரியும். அந்தக் கோப்பை நிஜத்திலும் காலி, விளையாட்டிலும் காலி. ஆனால் குழந்தை சொன்ன 'காலி' விளையாட்டுக் காலி. பக்கத்துக் கோப்பை நிஜக் காலியாக இருந்தும் விளையாட்டில் நிறைந்திருக்கிறது. ஒரே சொல், இரண்டு கணக்கு. தடுமாற்றமே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கவிழ்த்தால் கொட்டும் என்று அந்த விளையாட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. நிஜ உலகத்தின் விதி சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டது. 1993-இல் பால் ஹாரிஸும் ராபர்ட் கவனாவும் வெளியிட்ட ஆய்வுகளில், ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை, இல்லாத டீயை அங்கங்கே கொட்டிவைக்கும். இரண்டு வயதுக் குழந்தைகள் கரடி கொட்டிய இடத்தைச் சரியாகப் பார்த்துத் துடைத்தார்கள். காய்ந்த இடத்தை ஈரமாகிவிட்டது என்றும் சொன்னார்கள். கற்பனை என்றால் கட்டறுந்து ஓடுவது என்று நாம் நினைக்கிறோம். இந்த வயதுக் கற்பனையில் பெரும்பகுதி அப்படியில்லை. ஒரு பொருளை மட்டும் மாற்றிவிட்டு, மற்ற எல்லா விதிகளையும் கறாராகக் காப்பாற்றுவதுதான் இந்த ஆட்டம். டீ சுடும், கொட்டும், தீர்ந்துபோகும்.

சரி, எதிரில் இருப்பவர் விளையாட்டுக்குச் செய்கிறாரா, நிஜமாகவா என்று குழந்தைக்கு எப்படித் தெரிகிறது? 2004-இல் ஏஞ்சலின் லில்லார்ட் குழுவினர், ஒன்றரை வயதுக் குழந்தைகளின் முன்னால் அம்மாக்களை ஒருமுறை நிஜமாகவும் ஒருமுறை பாவனையாகவும் சாப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். பாவனையில் அம்மாக்கள் குழந்தையின் முகத்தை அதிகம் பார்த்தார்கள், அதிக நேரம் சிரித்தார்கள், கையசைவு வேகமானது, சத்தம் சேர்ந்துகொண்டது. நிஜமாகச் சாப்பிடும்போது யார் "நம் நம்" என்கிறார்கள்? மேற்கோள்குறி போடுவது பெரியவரின் முகம்தான். அக்கா மகள் எனக்குச் செய்துகாட்டியதிலும் வேகம், சத்தம், பார்வை, சிரிப்பு எல்லாம் அப்படியே இருந்தன. யாரிடமோ கற்றதை எனக்குத் திருப்பிக் கற்பித்திருக்கிறாள்.

இந்தத் திறமை ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. சுவிஸ் உளவியலாளர் ஜான் பியாஜே தன் மகளைக் கூர்ந்து கவனித்துக் குறித்துவைத்தவர். ஒன்றேகால் வயதில் அவள், தலையணையைப் போல ஓரங்கள் கொண்ட ஒரு துணியைக் கண்டதும் அதைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலைச் சப்பியபடி படுத்து, தூங்குவதுபோல் அவ்வப்போது கண்ணைச் சிமிட்டினாள். கூடவே சிரித்தாள். தொடக்கத்தில் ஆட்டம் தன் உடம்போடு நிற்கிறது. பிறகு பொம்மைக்கு ஊட்டுவது, பொம்மையைத் தூங்கவைப்பது. அதற்கும் பிறகு பொம்மை தானே எழுந்து நடக்கிறது, பேசுகிறது, முரண்டு பிடிக்கிறது. அடுத்தவருக்கும் ஒரு மனம் உண்டு என்பது ஆட்டத்துக்குள் நுழைவது அங்கேதான்.

பொருளுக்குப் பொருள் மாற்றுவதிலும் இப்படி ஒரு ஏற்றம் இருக்கிறது. முதலில் பொம்மைப் போன் வேண்டும், பிறகு ஒரு கட்டை போதும், கடைசியில் வெறுங்கையே போதும். குச்சி குதிரையாகும், ஆனால் தபால் அட்டை குதிரையாகாது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. காலுக்கு நடுவில் வைத்து ஓட முடிய வேண்டுமல்லவா? வெறுங்கை கட்டத்தை நீங்களே வீட்டில் பார்க்கலாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தையிடம் பிரஷ் இல்லாமல் பல் துலக்கிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆள்காட்டி விரலே பிரஷாகிவிடும். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையோ இல்லாத பிரஷை விரல்களுக்கு நடுவில் பிடித்துக் காட்டும். அந்தச் சிறிய இடைவெளியில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கைப்பிடி முளைக்க மூன்று வருடம் ஆகியிருக்கிறது.

வேறோர் இடத்தில் இதே திறமை திடீரென்று திறந்துகொள்வதை ஜூடி டெலோச் 1987-இல் காட்டினார். ஓர் அறை, பக்கத்தில் அதே அறையின் குட்டி மாதிரி. குட்டி அறையில் குட்டிப் பொம்மையை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதைக் குழந்தை பார்க்கிறது. பெரிய பொம்மை பெரிய அறையில் அதே இடத்தில்தான் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் எங்கெங்கோ தேடினார்கள். மறதி என்று சொல்ல முடியாது. திரும்பி வந்து குட்டி அறையில் குட்டிப் பொம்மையைச் சரியாக எடுத்தார்கள். மாதிரி ஒரு பொருளாகவும் இருக்கிறது, இன்னொன்றைக் குறிக்கவும் செய்கிறது என்ற இரட்டைப் பார்வைதான் இடித்தது.

பத்து வருடம் கழித்து டெலோச் குழு செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். ஒரு 'சுருக்கும் இயந்திரம்' பெரிய அறையையே சின்னதாக்கிவிட்டது என்று இரண்டரை வயதுக் குழந்தைகளை நம்பவைத்தார்கள். இப்போது குட்டி அறை எதையும் குறிக்கவில்லை, அதுவேதான் பழைய அறை. பெரும்பாலும் சரியாகத் தேடி எடுத்தார்கள். அறை சுருங்கியது என்று நம்புவது அந்த வயதுக்குச் சுலபம், ஒன்று இன்னொன்றைக் குறிக்கிறது என்பதுதான் கடினம்!

தாளில் நடப்பதும் இதுதான். மூன்று வயதில், எப்படி என்று போட்டுக் காட்டினால் ஒரு வட்டம் போடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த வட்டத்துக்கு இரண்டு கண்ணும், கீழே இரண்டு கோடும் வந்து, உடம்பே இல்லாத ஒரு மனிதன் நிற்பான். அம்மா என்பார்கள். நாலு வயதில் பென்சிலை முஷ்டியால் பிடிக்காமல் விரல்களால் பிடிப்பார்கள், பெரிய பந்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுவார்கள், சில பொத்தான்களைத் தாங்களே கழற்றுவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில் இவற்றோடு பாவனை விளையாட்டும் இருக்கிறது. இரண்டரை வயதுக்கு, கட்டையைப் பொம்மைக்கு ஊட்டுவது. நான்கு வயதுக்கு, டீச்சராகவோ நாயாகவோ மாறி விளையாடுவது. நூற்றுக்கு 75 குழந்தைகளாவது அந்த வயதில் செய்பவை என்று எதிர்பார்க்கப்படுபவையே அதில் இடம்பெற்றிருக்கின்றன. ஒன்றிரண்டு விடுபட்டால் குழந்தை மருத்துவரிடம் கேட்பது நல்லது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு தராசில் வைப்பதற்கான பட்டியல் அல்ல அது.

இரண்டு கணக்கும் கலக்கவே கலக்காது என்றும் சொல்ல முடியாது. பயம் வந்தால் கொஞ்சம் கசிகிறது. 1991-இல் ஹாரிஸ் குழுவினர் குழந்தைகளுக்குக் காலிப் பெட்டிகளைத் திறந்து காட்டி, ஒன்றுக்குள் பூதமோ முயலோ இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். உள்ளே ஒன்றுமில்லை என்று குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ஆய்வாளர் வெளியே போகிறேன் என்றதும் பூதம் நினைத்த நாலு வயதுக் குழந்தைகளில் சிலர் போக வேண்டாம் என்றார்கள். தனியே விட்டதும் பலர் மெல்லப் பெட்டியைத் தொட்டும் திறந்தும் பார்த்தார்கள். சிரிக்க வேண்டாம். 1986-இல் பால் ரோசினும் அவர் குழுவினரும் பெரியவர்களிடம் சர்க்கரை நிரப்பிய இரண்டு பாட்டில்களைக் கொடுத்து, 'சர்க்கரை', 'சயனைடு' என்ற சீட்டுகளை அவர்கள் கையாலேயே ஒட்டச் சொன்னார்கள். தானே ஒட்டிய சீட்டு, தன் கண்ணெதிரே கொட்டிய சர்க்கரை. அப்படியும் சயனைடு பாட்டிலிலிருந்து சாப்பிட அவர்களுக்குத் தயக்கமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசும் குழந்தையைக் கண்டு பதறுபவர்களும் உண்டு. மார்ஜரி டெய்லர் குழுவின் 2004 ஆய்வில், ஏழு வயதுக்குள் இப்படி ஒரு தோழன் இருந்ததாகத் தெரியவந்த குழந்தைகள் 65 சதவீதம். உயிருள்ளதாகப் பாவிக்கும் பொம்மைகளும் இதில் சேர்த்தி. கேள்வி மேல் கேள்வி கேட்கும் ஆய்வாளரிடம், அது நிஜமில்லை, சும்மா என்று குழந்தைகளே எடுத்துச் சொன்னதும் உண்டு. பாவம், பெரியவருக்குத் தெரியவில்லையோ என்ற கரிசனம்.

இதெல்லாம் எதற்கு? இங்கேதான் கட்டுரைகள் கொஞ்சம் அதிகமாக வாக்குறுதி கொடுக்கின்றன. விளையாட்டில் குழந்தை தன்னைவிட ஒரு தலை உயர்ந்து நிற்கிறது என்றார் வைகாட்ஸ்கி. அதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நாலு, ஆறு வயதுக் குழந்தைகளுக்குப் பத்து நிமிட அலுப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டோடு ஒரு டேப்லெட்டையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற வேடம் போட்டுக்கொண்டு, "பேட்மேன் உழைக்கிறானா?" என்று கேட்டுக்கொண்ட குழந்தைகள், "நான் உழைக்கிறேனா?" என்று கேட்டுக்கொண்டவர்களைவிட அதிக நேரம் வேலையில் நின்றார்கள். ஆனால், பாவனை விளையாடினால் அறிவும் மொழியும் வளரும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை லில்லார்ட் குழுவினர் 2013-இல் வரிசையாக அலசிப் பார்த்தபோது, அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லப் பெரும்பாலான ஆய்வுகள் போதவில்லை. எனக்கு இது நிம்மதியாகவே இருக்கிறது. பயன் உறுதியானால் அதற்கும் ஒரு வகுப்பு, ஒரு சான்றிதழ் வந்துவிடும்.

பிஸ்கட்டுக்குப் பிறகு டீ வந்தது. காலிக் கோப்பை. இந்த முறை நான் ஒழுங்காக ஊதினேன், உறிஞ்சினேன், "ஆ, சூடு" என்றேன். அவளுக்குத் திருப்தி. கொஞ்ச நேரம் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கற்றதைக் காட்டிவிடலாம் என்று அதே கோப்பையை மறுபடி எடுத்து வாயருகே கொண்டுபோய் உறிஞ்சினேன். பக்கத்தில் தலையில் ஒன்றுமில்லாமல் பொம்மை உட்கார்ந்திருந்தது.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மாமா, அது தொப்பி."