எல்லோரும் தலையாட்டினார்கள், எத்தனை பேருக்கு விளங்கியது?

ஆஸ்பத்திரியில் காலை 7 மணிக்கு, இரவுக் கடமை முடிந்த தாதியர் பகல் கடமைக்கு வந்தவர்களிடம் நோயாளர் விடுதியை ஒப்படைப்பார்கள். யாருக்குக் காய்ச்சல் விட்டது, யாருக்கு ஊசி மாறியிருக்கிறது, யாரைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒருவர் சொல்லச் சொல்ல, சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

திருகோணமலையில் அந்த வட்டத்தில் யார் யார் நிற்பார்கள் என்று பாருங்கள். உப்புவெளிப் பிள்ளை ஒருத்தி, கிண்ணியா ராத்தா ஒருவர், கந்தளாயில் இருந்து வரும் சிங்களத் தம்பி, குருநாகலில் இருந்து புது நியமனத்தில் வந்த தங்கச்சி. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த மாவட்டத்தில் 10 பேரில் கிட்டத்தட்ட 4 பேர் முஸ்லிம்கள், 3 பேர் தமிழர், 3 பேர் சிங்களவர். விடுதியும் அப்படித்தான் இருக்கும். விடுதிப் பொறுப்புத் தாதியாக இருந்த அனுபவத்தில், புதிதாகப் பொறுப்பேற்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: சொன்னது விளங்கியதா என்று பார்ப்பது சொன்னவரின் வேலை. கேட்டவர் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

விளங்காதவர்கள் ஏன் கேட்பதில்லை? மொழி ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிது வெட்கம். தமிழ் வகுப்புக்குப் போய்ப் படித்த சிங்களத் தாதி நோயாளியோடு ஆறுதலாகக் கதைப்பார். ஆனால் நாங்கள் காலையில் அவசரமாகக் கதைக்கும் தமிழில் பாதி அவருக்குப் பிடிபடாது. எல்லோர் முன்னாலும் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்க அவருக்கு வாய் வராது. கொழும்பில் சிங்களத்தில் நடக்கும் கூட்டத்துக்குப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். அப்புறம், யுத்த காலத்தில் வளர்ந்த தலைமுறைக்கு அதிகாரியிடம் அதிகம் கதைக்காமல் இருப்பதே பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பழக்கம் 2009க்குப் பிறகு ஒரே நாளில் விட்டுப்போகவில்லை. ஆகவே கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை என்பதை ஒருபோதும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

2017 இல் நாடு முழுவதும் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 24 முதல் 48 மணித்தியாலம். அந்த நேரத்தில் இரத்தக் குழாயில் இருந்து நீர் கசியும். உடம்பில் நீர் குறைந்தால் இரத்த ஓட்டம் போதாமல் அதிர்ச்சி நிலை, கூடினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டி மூச்சுத் திணறும். அதனால் வாயால் குடிப்பதையும் மில்லி லீட்டர் கணக்கில் எழுதுவோம்.

அப்படி டெங்கோடு இருந்த ஒரு பிள்ளையின் தாயிடம், "தண்ணி அளந்து குடுங்க, எழுதி வையுங்க, விளங்கினதா?" என்று ஒரு தாதி கேட்டார். "ஓம் மிஸ்" என்றார் அவர். சொன்னபடியே ஒவ்வொரு கப் தண்ணியையும் கொப்பித் தாளில் கோடு போட்டு வைத்திருந்தார். பின்னேரம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "தங்கச்சி, மகன் விடிஞ்சதில இருந்து என்னெல்லாம் குடிச்சவர்?" என்று கேட்டோம். "ரெண்டு கப் தண்ணி மிஸ். பொறகு செவ்விளநீர் ஒண்டு, கஞ்சி கொஞ்சம், ஜீவனியும் குடுத்தன்." தாதி சரியாகத்தான் சொன்னார், தாயும் சரியாகத்தான் கேட்டார். இருந்தும் செவ்விளநீரும் கஞ்சியும் ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசலும் தாளில் ஏறவில்லை. "விளங்கினதா?" என்ற கேள்விக்கு "ஓம்" என்ற ஒரு பதில்தான் மரியாதையான பதில். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள்.

இது விடுதிக்குள் மட்டும் நடக்கிற விஷயமில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கனரித் தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில், பனிமூட்டத்துக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். ஒன்றை ஓட்டியவர் டச்சுக்காரர், மற்றதில் அமெரிக்கர்கள், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஸ்பானியர்கள். எல்லோரும் கதைத்தது ஆங்கிலம். டச்சு விமானத்தின் பொறியியலாளர், மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகப்பட்டுக் கேட்டார். தலைமை விமானி அந்த டச்சு விமான நிறுவனத்தின் மிக மூத்தவர்களில் ஒருவர். விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு ஓட்டினார். அதற்கு மேல் யாரும் தடுக்கவில்லை. கோபுரம் சொல்லும் அனுமதியைக் காதில் வாங்கியவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதை விமானத்துறை அதன்பிறகு இன்னும் இறுக்கமாக்கியது. சந்தேகத்தைச் சொல்லும் இளையவரைக் கேட்பதற்கு மூத்த விமானிகளைப் பயிற்றுவிக்கவும் தொடங்கினார்கள்.

திருப்பிச் சொல்ல வைக்கும் வழக்கத்தை நாங்களும் எடுக்கலாம், ஆனால் பரீட்சை வைப்பது போல எடுக்கக்கூடாது. இருபது வருடம் வேலை செய்த சிற்றூழியர் அண்ணரை நிறுத்தி "நான் சொன்னதைச் சொல்லும்" என்றால் அவர் மனம் நோகும், அடுத்த நாளில் இருந்து முகம் கொடுக்க மாட்டார். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். டொக்டர் தொலைபேசியில் மருந்து சொன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். பிறகு, "அவசரத்தில நான் ஏதும் விட்டிருப்பன், நீங்க ஒருக்கா சொல்லுங்கோ அண்ணை" என்று கேளுங்கள். அவருக்கு வசதியான மொழியில் சொல்லட்டும்.

கூட்டத்தை எந்த மொழியில் நடத்துவது என்பதையும் தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும். பொதுவாக இருக்கட்டும் என்று ஆங்கிலத்தில் நடத்துவது நியாயமாகத் தெரியும். ஆனால் அப்போது வாயடைத்துப் போகிறவர்கள் சிற்றூழியர்கள். நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்களும் அவர்கள்தான். தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிச் சுருக்கமாகச் சொல்லுங்கள், நேரம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. வட்ஸ்அப் குழுவிலும் அப்படியே. சிங்களத்தில் காலையில் ஒரு அறிவித்தல், தமிழில் அது பின்னேரம் என்றால், தங்களை இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள் என்றுதான் பிள்ளைகளுக்குப் படும். மறுபக்கமும் இதேதான். வெள்ளி நண்பகலிலும் போயா நாளிலும் கூட்டம் வைக்காதீர்கள். குறை இருந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வேறு சமூகத்தவரைப் பலர் முன் கண்டித்தால், ஊரில் அது சமூகப் பிரச்சினையாகத்தான் கதைக்கப்படும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது: இரண்டு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளையை ஆளுக்கு ஆள் இழுப்பது. தன் வேலையோடு மற்றவர்களின் மொழிபெயர்ப்பும் அவள் தலையில். அதைக் கடமையாகக் கணக்கில் எடுத்து வேறு சுமையைக் குறையுங்கள். அவள் இல்லாத நேரம் நோயாளியின் பத்து வயது மகனைக் கூப்பிட்டுத் தாயின் நோயைச் சொல்லவைப்பது கொடுமை, அதைச் செய்யாதீர்கள். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் உண்டு. சான்றிதழ் வாங்கியதோடு விட்டுவிடாமல் விடுதியில் தினமும் கதைக்க விடுங்கள், பிழைத்தால் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடமைப் பட்டியல் போடும்போது இரவு 7 மணிக்கு வரும் குழுவைத் தனியாகப் பாருங்கள், இரண்டு மொழியும் கதைக்கக்கூடிய ஒருவராவது அதில் இருக்க வேண்டும். பகலில் பக்கத்து விடுதியில் இருந்தாவது யாரையும் கூப்பிடலாம். நடு இரவில் புல்மோட்டையில் இருந்து ஒரு கர்ப்பிணியைக் கொண்டுவந்தால், வலி எப்போது தொடங்கியது என்று அவளிடம் கேட்க அந்த ஒருவர்தான் இருப்பார்.