ப்ளெபைட்டிஸ் – சிரை அழற்சி

டிரிப்ஸ் ஏறும் கையில், ஊசி குத்திய இடத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடுகிறது. தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது. செவிலியர் இதைக் குறிப்பேட்டில் 'ப்ளெபைட்டிஸ்' என்று எழுதுவார். கிரேக்கத்தில் 'ப்ளெப்ஸ்' என்றால் சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய். 'ஐட்டிஸ்' என்னும் ஈறு மருத்துவத்தில் அழற்சியைக் குறிக்கும். ஆகவே, சிரை அழற்சி. இலங்கைப் பாடநூல்கள் சிரையை நாளம் என்பதால் அங்கே நாள அழற்சி.

அழற்சிக்கு வேர் 'அழல்', அதாவது நெருப்பு. அந்தச் சூட்டைக் கையிலேயே உணரலாம் என்பதால் இதைவிடப் பொருத்தமான சொல் தேட வேண்டியதில்லை.

சிக்கல் 'சிரை' என்னும் முதல் பாதியில்தான். 'நரம்பு கிடைக்கவில்லை' என்றுதான் வார்டில் எல்லோரும் சொல்கிறோம். இது இன்று நேற்று வந்த வழக்கன்று. புறநானூற்றின் 278ஆம் பாடல் முதியவளின் தோளை 'நரம்பு எழுந்து உலறிய' தோள் என்கிறது. தோலுக்கு மேல் புடைத்துத் தெரியும் அதே சிரைதான். ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் நரம்பு என்பது உணர்வைக் கடத்துவது. 'நரம்பு அழற்சி' என்று எழுதினால் அது நியூரைட்டிஸ், வேறு நோய். 'நரம்பு வீங்கிவிட்டது' என்னும் நோயாளியைத் திருத்த வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். குறிப்பேட்டில் மட்டும் சிரை என்றே எழுத வேண்டும்.

மெல்லிய சிரையில் தடித்த கேனுலா (டிரிப்ஸ் ஏற்றச் சிரைக்குள் செருகும் சிறு குழாய்) உரசினாலும், பொட்டாசியம் குளோரைடு, வான்கோமைசின் போன்ற மருந்துகள் உறுத்தினாலும், கிருமி புகுந்தாலும் இது வரும்.

இரண்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மருந்து சிரையைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடம் பெரும்பாலும் வெளுத்து, குளிர்ந்து வீங்கும், அது கசிவு. சிவப்பு கோடாக ஓடாமல், எல்லை தெரியாமல் படர்ந்தால் செல்லுலைட்டிஸ், அதாவது தோலடித் திசு அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும்.

பிரிட்டனில் ஆண்ட்ரூ ஜாக்சன் என்ற செவிலியர் 1998இல் வெளியிட்ட, சிரை அழற்சியை மதிப்பிடும் 0 முதல் 5 வரையிலான அளவுகோல் இன்றும் பல நாடுகளில் புழங்குகிறது. வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தாலே மதிப்பெண் 2. கேனுலாவை எடுத்துவிட்டு வேறிடத்தில் போட வேண்டும். சிரை கயிறுபோல் விரலில் தட்டுப்படுவது 4இல். 5இல் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும்.