சண்டை வருமா என்று கேட்பவர்களுக்கு

மார்த்தாண்டத்தில் வக்கீலாக இருக்கிறேன். வெளிநாட்டு வேலை ஒப்பந்தங்களைப் படித்து விளக்குவதுதான் பெரும்பாலும் என் பிழைப்பு. வளைகுடாவில் பதற்றம் என்று டிவியில் ஓடினாலே குளச்சல், தூத்தூர் பக்கமிருந்து போன் வந்துவிடும்: "சாரே, பிள்ளைய அனுப்பலாமா? அங்க சண்டை வருமா?"

ஜோசியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஏவுகணைக் கணக்கைவிட, படை அனுப்பப்போகிற நாட்டின் உள்ளூர் அரசியலைப் பாருங்கள் என்பேன்.

ஈராக்கையே எடுத்துக்கொள்வோம். குவைத்தைப் பிடித்த ஈராக்கை விரட்டிய 1991 போருக்குப் பிறகு 12 ஆண்டுகள் அமெரிக்கா ஈராக் அதிபர் சதாமைக் கட்டுக்குள் வைத்திருந்தது. பொருளாதாரத் தடை, வடக்கிலும் தெற்கிலும் ஈராக் விமானம் பறக்கத் தடை, 1998 வரை ஐ.நா. ஆய்வாளர்கள். சாதாரண ஈராக்கியருக்கு அது கொடுமை. ஆனால் ஆயுத விஷயத்தில் பலித்தது. பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004-ல் சொன்னது அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவேதான்.

பிறகு 2003-ல் ஏன் மறுபடி போர்? 1998 அக்டோபர் 31 அன்று, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, சதாம் ஆட்சியை அகற்றுவதே கொள்கை என்ற சட்டத்தில் அப்போதைய அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். படை அனுப்ப அதில் அனுமதி இல்லை. இருந்தாலும் அதன்பின் "கட்டுக்குள் வைத்தால் போதுமே" என்று சொல்வது அரசியல்வாதிக்குச் சிரமமாகிவிட்டது.

ஈராக் மீது போருக்கு அனுமதி தந்த இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1990-ல் அதிபராக இருந்த அப்பா புஷ், தேர்தல் முடிந்து இரண்டு நாள் கழித்துத்தான் படையைப் பெருமளவு கூட்டுவதாக அறிவித்தார். 1991 ஜனவரியில் செனட் என்ற அமெரிக்க மேலவையில் வாக்கு 52-47. நூலிழைதான். மகன் புஷ் 2002 அக்டோபரில், நவம்பர் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே வாக்கெடுப்பை முடித்துவிட்டார். முடிவு 77-23. செப்டம்பர் 11 தாக்குதலின் பயம் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 1991-ல் எதிர்த்தவர்கள், போர் சட்டென்று வெற்றியில் முடிந்ததும் பட்ட பாடும் எல்லோருக்கும் நினைவிருந்தது. அப்போது எதிர்த்த எதிர்க்கட்சி செனட்டர்கள் ஜான் கெர்ரியும் ஜோ பைடனும் 2002-ல் ஆதரித்தார்கள். அதே கட்சியின் ஜார்ஜியா மாநில செனட்டர் மேக்ஸ் கிளீலண்டும் ஆதரித்தார். வியட்நாம் போரில் இரண்டு காலையும் ஒரு கையையும் இழந்தவர் அவர். நாட்டின் பாதுகாப்பில் அக்கறையில்லாதவர் என்று அவரையே விளம்பரத்தில் தாக்கினார்கள். தேர்தலில் தோற்றார். என்ன கொடுமை பாருங்கள்.

அதனால் தலைவர்கள் கத்தும்போது எனக்கு அவ்வளவு பயமில்லை. தேர்தல் நெருங்குகையில் எதிர்க்கட்சியும் சேர்ந்து தலையாட்டினால்தான் பயம்.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். 1990-ல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அங்கிருந்து சுமார் 1,70,000 இந்தியர்களை ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக விமானத்தில் கொண்டுவந்தார்கள். பலருடைய பாஸ்போர்ட் முதலாளி கையில் சிக்கியிருந்தது. இன்றும் பல நிறுவனங்கள் அதை வாங்கி வைத்துக்கொள்கின்றன. ஆகவே பாஸ்போர்ட், விசா நகல்களை வீட்டில் ஒரு செட், போனில் ஒரு செட் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் திரும்பிவரும் டிக்கெட் யார் செலவு என்ற வரியைத் தேடுங்கள். "பணிக்காலம் முடிந்தால்" என்று மட்டும் இருந்தால், இடையில் போர் வந்து கிளம்பினால் யார் கொடுப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். தனியார் இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் விலக்குகள் பக்கத்தையும் புரட்டுங்கள். பல பாலிசிகளில் போரால் வரும் இழப்புக்குப் பணம் கிடையாது என்று அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.