பெல்ட் மாத்தினதும் வண்டி இழுக்கலையா? சென்சார் வாங்காதீங்க, மார்க்கை பாருங்க

போன மாசம் ஒரு சான்ட்ரோ ஜிங் வந்துச்சு. "அண்ணே, டைமிங் பெல்ட் மாத்தினதுலேர்ந்து மேடு ஏறவே மாட்டேங்குது, ஏசி போட்டா சிக்னல்ல நின்னுடுது"ன்னாரு ஓனர். டைமிங் பெல்ட்டுன்னா, பிஸ்டன் சுத்திவிடற கிராங்க் தண்டையும் வால்வை திறந்து மூடற கேம் தண்டையும் சேர்த்து ஓட்டற பல்லு பெல்ட். அதை மாத்தினது வேற இடத்துல. டேஷ்போர்டுல என்ஜின் கோளாறு காட்டற செக் லைட் எரிஞ்சதும் அங்கயே கேம் சென்சார் மாத்தினாங்களாம், அப்பவும் எரியுதுன்னு கிராங்க் சென்சாரும் மாத்தினாங்களாம், கழட்டின ரெண்டையும் ஒரு கவர்ல போட்டு கையிலயே வச்சிருந்தாரு பாவம்.

நான் கேட்டது ஒண்ணுதான், பெல்ட் மாத்தறதுக்கு முந்தின நாள் வண்டி எப்படி ஓடுச்சு? நல்லா ஓடுச்சுன்னாரு. அப்ப கோளாறு கை வச்ச இடத்துலதான் இருக்கணும்.

பிளக்கை கழட்டி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து எவ்வளவு அழுத்தமா அமுங்குதுன்னு பாத்தேன், நாலு சிலிண்டர்லயும் கம்மி, ஆனா நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒண்ணு மட்டும் விழுந்திருந்தா வால்வு வளைஞ்சிருக்கோன்னு பயந்திருப்பேன். பெல்ட் மாத்தின கையோட நாலும் சேர்ந்து இறங்கினா மொதல் சந்தேகம் டைமிங் மேலதான். பெல்ட் கவரை கழட்டி, கிராங்க் சக்கரத்துல டைமிங் சரிபாக்க போட்டிருக்கிற மார்க்கை நேரா கொண்டுவந்து வச்சா கேம் மார்க் ஒரு பல்லு பின்னாடி நிக்குது.

ஒரு பல்லுதானேன்னு தோணும். கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. கேம் சக்கரத்துல 40 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 9 டிகிரி, அதையே கிராங்க்ல கணக்கு பண்ணா 18 டிகிரி. இன்டேக் வால்வு அவ்வளவு லேட்டா மூடினா உள்ள வந்த காத்துல கொஞ்சம் திரும்ப வெளிய போயிடும், அதான் கம்ப்ரஷனும் இல்ல, கீழ் ஆர்பிஎம்ல இழுவையும் இல்ல.

இது எப்படி நடக்குதுன்னா, பெல்ட் போடும்போது ரெண்டு மார்க்கும் சரியாத்தான் இருந்திருக்கும், அவங்க பொய் சொல்லல. ஆனா டென்ஷனர் (பெல்ட்டை டைட்டா வச்சிருக்கிற உருளை) இல்லாத பக்கம், அதாவது கிராங்க் இழுக்கிற பக்கம், பெல்ட் கொஞ்சம் லூசா இருந்திருக்கும். கிராங்க் திரும்பினதும் மொதல்ல அந்த லூசை இழுத்துக்கும், அதுக்கப்புறம்தான் கேம் நகரும், அதுக்குள்ள கேம் பின்தங்கிடும். அதனாலதான் பெல்ட் போட்டதும் செல்ஃப் அடிக்காம ரேட்சட் ஸ்பேனரால கிராங்கை கையால ரெண்டு முழு சுத்து சுத்தி, மார்க்கை திரும்ப பாக்கணும்னு சொல்றது. என்ஜின் ஓடுற திசையிலதான் சுத்தணும். பெரும்பாலும் பெல்ட் பக்கத்துலேர்ந்து பாத்தா கடிகாரம் சுத்துற திசை, ஆனா பழைய ஹோண்டா சிட்டி மாதிரி சிலது எதிர்ப்பக்கம் ஓடும். சுத்தும்போது டக்குனு முட்டினா அங்கயே நிறுத்திடுங்க, பிஸ்டன் வால்வை தொடுதான்னு பாக்காம பலம் போடாதீங்க, செல்ஃபுக்கு அந்த முட்டல் தெரியாது, வால்வை வளைச்சிடும், அப்புறம் ஹெட்டை இறக்கவேண்டியதுதான்.

சுத்தின பிறகு பெல்ட் மேல இருக்கிற பெயிண்ட் கோடு மார்க்கோட சேரலன்னு பயந்து திரும்ப கழட்டறவங்களும் இருக்காங்க. அந்த கோடு பெல்ட்டை மாட்டும்போது மட்டும்தான் உதவும், சக்கரத்துல இருக்கிற மார்க்கைத்தான் நம்பணும். கிராங்க் முனையில வெளிய இருக்கிற புல்லியோட மார்க்கையும் ரொம்ப நம்பவேண்டாம், நடுவுல ரப்பர் இருக்கிற புல்லின்னா வருஷக்கணக்குல ஓடி வெளி வளையம் நழுவியிருக்கும். எனக்கு சந்தேகம் வந்தா மொதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில நீள ஸ்ட்ரா ஒண்ணை விட்டு, பிஸ்டன் நிஜமாவே மேல வந்துச்சான்னு பாப்பேன். மார்க்கை மேலேர்ந்து சாய்ஞ்சு பாத்தாலும் ஏமாத்தும், கண்ணு நேர்ல வரணும், குனிய முடியலன்னா போன்ல ஒரு போட்டோ எடுத்து பாருங்க.

மார்க் சரியா இருந்தும் கோளாறுன்னா கழட்டின கனெக்டரை மாட்டினாங்களா, கிராங்க் சக்கரத்தை தண்டோட பூட்டற சின்ன கீ நசுங்கியிருக்கா, போல்ட்டை டார்க் (சொன்ன அளவு இறுக்கம்) போட்டு டைட் பண்ணாங்களான்னு பாக்கலாம். ஸ்கேனர்ல பி0016ங்கிற கோளாறு கோட் வந்தா கிராங்கும் கேமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னுதான் அர்த்தம், சென்சார் செத்துப்போச்சுன்னு அது சொல்லல.

அந்த சான்ட்ரோவுக்கு டென்ஷனரை லூஸ் பண்ணி ஒரு பல்லு மாத்தி, இழுக்கிற பக்கத்தை டைட்டா பிடிச்சு பெல்ட் போட்டு, ரெண்டு சுத்து சுத்திட்டு ஸ்டார்ட் பண்ணோம், ஆக்சிலேட்டரை மிதிக்காம ஐடில்ல அணையாம சீரா ஓடுச்சு. அப்புறம் ஒரு ஆசைக்கு அந்த கவர்ல இருந்த ரெண்டு பழைய சென்சாரையும் மாட்டி ஓட்டிப் பாத்தோம், லைட்டே எரியல.